மடித்துவிட்ட ஓரம்

வீட்டுக்குத் தேடி வந்த டாக்டரம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த விதத்திலேயே மருமகளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். மாமனாருக்கு வெளியில் 'நிதானம்' என்று பெயர். மின் அலுவலகத்தில் முப்பது வருடம் விபத்துகளை விசாரித்தவர். தன் சட்டையே பற்றிக்கொண்டாலும் எந்த ஒயரில் பிடித்தது என்று பார்த்துவிட்டுத்தான் கழற்றுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள்.

டாக்டருக்குச் சொந்தமாக ஒரு ஸ்கேன் சென்டர். எட்டு வருடத்து நோயாளிகளின் படங்கள் முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. பொருத்திக் கொடுத்தவன் அவர் தம்பி. உள்ளே இரண்டு டிஸ்க். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். மின்சாரம் நின்றால் தாங்கிக்கொள்ள பேட்டரியோடு ஒரு யூ.பி.எஸ். வாராவாரம் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வை என்றும் தம்பி சொன்னான். படங்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

முந்தாநாள் மதியம் கம்ப்யூட்டர் செத்தது. இரண்டு டிஸ்க்கும் காலி. ஸ்கேன் எடுக்கும் பெண், கரண்ட் ஒரு நிமிடம் போய் வந்தது என்றாளாம். யூ.பி.எஸ். இருக்கும்போது கரண்ட் போனால் என்ன, அவள் புளுகுகிறாள் என்றார் டாக்டர். போன சனிக்கிழமை அவள் சாப்பாட்டுப் பையில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்ததும் கேமராவில் சிக்கியிருந்தது.

"படத்தையெல்லாம் திருடிக்கிட்டு இங்க இருந்ததை அழிச்சிட்டா. நேத்து சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டேன், அழுறாளே தவிர வாயைத் திறக்கல. நாளைக்குப் போலீஸ்தான்."

"போலீஸுக்குப் போனா அந்தப் பொண்ணு வாழ்க்கை போச்சும்மா. அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றார் நிதானம்.

சென்டர் வாசலில் ஊழியர்கள் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றிலிருந்து அது புது விதி. உள்ளே ஒரு மீன் தொட்டி. ஒரு தடவை மீன்கள் மொத்தமாகச் செத்துப்போய், பிறகு வாங்கி விட்டதாக டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். தன் நிழலைக்கூடச் சந்தேகப்படும் அந்த அம்மாளுக்கு மீன்கள் மேல் மட்டும் கொள்ளைப் பிரியம். அவசரக்குடுக்கையான மருமகள் கம்ப்யூட்டர் அறையின் இரும்புக் கதவில் விரலைக் கீறிக்கொண்டாள். டாக்டரே பிளாஸ்திரி கிழித்து, நுனியை லேசாக மடித்துவிட்டு ஒட்டினார்.

அந்நேரம் கரண்ட் போயிற்று. விளக்கும் மின்விசிறியும் நின்றன. அமைதியில் மீன் தொட்டியின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடத்தில் கரண்ட் வந்தது.

கம்ப்யூட்டரின் முகப்பில் மஞ்சளேறிய பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. நிதானம் இழுத்ததும் நகத்தால் சுரண்டாமலே கையோடு வந்தது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குப் பின்னால் ஒலிப்பானின் துளைகள், பக்கத்தில் ஒரு சிறு விளக்கு. ஒயர்களிலும் பெயர் எழுதிய பிளாஸ்திரித் துண்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றை அவர் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தும் வரவில்லை.

"ஒயர்ல ஒட்டினது யாருன்னு விசாரிச்சேன் மாமா, அந்தப் பொண்ணுதான். அப்ப இதுவும் அவ வேலைதான்" என்று மருமகள் காதில் கிசுகிசுத்தாள். நோட்டில் மூன்று முறை அடிக்கோடு போட்டாயிற்று.

மதியம் அந்தப் பெண்ணையும் டாக்டரையும் எதிரெதிரே உட்காரவைத்தார் நிதானம். பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன.

"ஏம்மா, உன் விரல் பிளாஸ்திரியை எடு" என்றார் மருமகளிடம்.

மடித்த நுனியைப் பிடித்து இழுத்ததும் சுலபமாக வந்தது. வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கம்ப்யூட்டரில் இருந்ததும் இப்படித்தான் வந்தது.

"ஒயர்ல இந்தப் பொண்ணு ஒட்டினது சுரண்டியும் வரல. நோயாளிக்கு வலிக்கக் கூடாதுன்னு ஓரத்தை மடிக்கிற கை ஒண்ணுதான் இங்க இருக்கு. ஒரு டிஸ்க் எப்பவோ போச்சு. அதைச் சொல்லத்தான் கம்ப்யூட்டர் கத்தியிருக்கு. நீங்க வாயை அடைச்சிட்டீங்க, டாக்டர்."

டாக்டரின் முகம் வெளுத்தது. "கீகீன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. வந்தவங்கல்லாம் பயந்தாங்க. ஆனா யூ.பி.எஸ்.?"

"அதுல ஒரு பிளக்குக்குத்தான் இடம். கரண்ட் போனப்ப குமிழி விட்டது எது? மீன் தொட்டி. கரண்ட் போய் மீனெல்லாம் செத்ததும் கம்ப்யூட்டரைப் பிடுங்கிட்டு அதைச் சொருகினதும் நீங்கதானே? முந்தாநாள் கரண்ட் போய் வந்த அதிர்ச்சியில மிச்சமிருந்த ஒத்த டிஸ்க்கும் போச்சு. யாரும் அழிக்கல."

டாக்டர் மீன் தொட்டிப் பக்கம் பார்த்தார். நிதானம் பெண்ணின் பக்கம் திரும்பி, அந்தக் கறுப்புப் பெட்டி நகல் வைக்கிற டிஸ்க்தானே என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையசைத்தாள். டாக்டரின் தம்பி சொன்னது சரியென்று பட்டதால், சனிக்கிழமைதோறும் யாருக்கும் தெரியாமல் படங்களை அதில் ஏற்றி வீட்டில் வைத்திருந்தாளாம்.

டாக்டர் பாதி எழுந்துவிட்டார். "அப்ப எல்லாம் இருக்கா?"

"இருந்துச்சு மேடம். ஒரு படம் என்கிட்ட இருந்தாலும் ஜெயில்தான்னு நேத்து சொன்னீங்க. பயமா இருந்துச்சு. வீட்டுக்குப் போனதும் சுத்தியலால உடைச்சிட்டேன்."

மருமகள் நோட்டைத் திறந்தாள். அடிக்கோடு போட்ட பக்கத்தை ஓசைப்படாமல் கிழித்துக் கைக்குள் கசக்கினாள். எட்டு வருடம் போனது போனதுதான். டாக்டர், "என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

அந்தப் பெண் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள், அந்தப் புது விதி நினைவுக்கு வந்து திரும்பி வந்தாள். பையைத் திறந்து டாக்டரின் முன்னால் நீட்டினாள். உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது.