கைபேசியில் இடமில்லை

அவளை அப்பா மட்டும்தான் கொசு என்று கூப்பிடுவார். மற்ற எல்லோருக்கும் அவள் 'நர்ஸம்மா பொண்ணு'. நாம் கொசு என்றே சொல்வோம். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் பேச முடியாது. கொசுவும் அம்மாவும் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பக்கத்தில் வேறு வீடே கிடையாது. பள்ளி விட்டு வந்தால் பேச்சுத் துணைக்குச் சுவர்தான்.

அதனால் அம்மாவின் கைபேசியில் அப்பா அனுப்பிய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

"கொசு, சாப்பிட்டியா?" என்று அப்பா கேட்பார்.

"சாப்பிட்டேன்பா" என்று இவளும் பதில் சொல்வாள். அவருக்குக் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் சொல்வாள்.

அன்று சாயங்காலம் ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பால் குடிக்க மாட்டேங்குது சிஸ்டர். உடம்பு நெருப்பாக் கொதிக்குது!"

குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மா எடை பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வரச் சொன்னாள். அது வந்து சேர நேரமாகும். உடனே டாக்டரைப் போனில் கூப்பிட்டாள்.

"முதல் ஊசியை நீங்களே போட்டுடுங்க. ஆனா பழைய அளவு வேண்டாம், மாத்திட்டாங்க. எந்த எடைக்கு எவ்வளவுன்னு புதுக் கையேட்டுல இருக்கு. இதோ அனுப்பறேன்..."

லைன் பட்டென்று அறுந்துவிட்டது.

கையேடு வந்தது. ஆனால் இறங்கவில்லை. 'இடம் இல்லை' என்றது கைபேசி.

அம்மாவின் இரண்டு கைகளும் குழந்தையிடம் இருந்தன. "கண்ணு, எதையாவது அழிச்சு விடு, சீக்கிரம்!"

அது கொசுவுக்குக் கைவந்த கலை. செவிலியர் குழுவில் தினமும் காலை வணக்கம் வந்து குவியும். ரோஜாவில் ஒரு வணக்கம், தாமரையில் ஒரு வணக்கம், ஆவி பறக்கும் காபியில் ஒரு வணக்கம். அத்தனையையும் துடைத்து எறிந்தாள். ஒரு பூந்தோட்டமே காலி.

'இடம் இல்லை.'

"இன்னும் என்ன இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பா வீடியோ மட்டும்தாம்மா."

அம்மா ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். "அதைத் தொடாதே. டாக்டரை மறுபடி கூப்பிடு."

கூப்பிட்டாள். கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அதே கதைதான்.

இவ்வளவு நேரம் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை இப்போது சத்தமே இல்லாமல் கிடந்தது. அதுதான் கொசுவைப் பயமுறுத்தியது.

அவள் எல்லா வீடியோக்களையும் தேர்ந்தெடுத்தாள். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கைபேசி கேட்டது. 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

கையேடு இறங்கியது.

"அம்மா, எடையும் அளவும் போட்ட பக்கம் இது!"

அம்மா விரல் வைத்துப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். ஊசி போட்டாள். வண்டியும் வந்தது.

அவர்கள் போன பிறகுதான் அம்மா கைபேசியைப் புரட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. கொசுவை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது என்று செய்தி வந்தபோது கொசு துள்ளிக் குதித்தாள். ஆனால் அதற்கப்புறம் வந்த சாயங்காலங்கள் ரொம்ப நீளமாக இருந்தன. அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மூக்கு ஞாபகம் வந்தால் கண் வரவில்லை. கண் வந்தால் மூக்கு ஓடிப்போனது. யாரும் அவளைக் கொசு என்று கூப்பிடவில்லை.

ஒருநாள் கப்பல் கரை தொட்டது. அப்பா போன் செய்தார்.

"அப்பா, நான் உங்களை அழிச்சிட்டேன்" என்று கொசு தேம்பினாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

அப்பா மெதுவாகக் கேட்டார்.

"முழுசாவா?"

"முழுசா."

"அந்தக் குழந்தை எப்படி இருக்கு?"

"ஊரையே கூட்டற மாதிரி கத்துதாம்."

அப்பா மூக்கை உறிஞ்சினார். "ஒண்ணுமில்ல, வெங்காயம் நறுக்கறேன்" என்றார். "இனிமே குட்டி வீடியோவா அனுப்பறேன். கையேட்டுக்கும் இடம் வேணுமே!"

சொன்னபடியே ஒன்று வந்தது. திரை முழுக்க அப்பாவின் முகம். மீசையில் கொஞ்சம் மாவு.

"கொசு, நீ ரொம்ப..." என்று தொடங்கினார். அதற்குள் வீடியோ முடிந்துவிட்டது.

"என்னது, பாதியிலேயே நின்னுடுச்சு?" என்றாள் அம்மா.

கொசு சிரித்துக்கொண்டே மறுபடி போட்டாள். ரொம்ப என்ன என்று அவளுக்குத் தெரியும்.