இருபத்து நாலு தலை

பிற்பகல் 2:20.

குப்பம்மாள் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, கணவரைச் சாப்பிடக் கூப்பிட மோட்டார் கொட்டகைக்குப் போனார். விருந்தாளிகள் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்காரர் இலையில் உட்காருவது அந்த வீட்டு வழக்கம். வந்த இருபத்து நாலு பேருக்கும் சோறு போட்டு அனுப்பியாயிற்று. பாக்கி அவர் ஒருவர்தான்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. துளசிராமன் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் பைப்பு கழற்றும் பெரிய ஸ்பேனர். அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சின்னராசு. அவர் கைகள் இரண்டும் சிவந்திருந்தன.

"காலையில சண்ட போட்ட. மத்தியானம் கொன்னுட்ட," என்றார் குப்பம்மாள். 

பிற்பகல் 2:50.

சப்-இன்ஸ்பெக்டர் நர்மதா வந்தபோது பாதிக் கிராமம் வேலியோரம் நின்றது. தை மாதம்தான், ஆனாலும் வானம் காலையிலிருந்து மூடிக்கொண்டு கிடந்தது. நர்மதாவுக்கு அவசரமாகப் பேசுகிறவர்களைப் பிடிக்காது. அன்று எல்லாரும் அவசரமாகத்தான் பேசினார்கள்.

விஷயம் இதுதான். சிங்கப்பூர், புக்கெட், சென்னை, கொழும்பு என்று கரை கரையாகத் தொட்டுப் போகும் ஒரு சொகுசுக் கப்பல் அன்று காலை சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தது. கப்பல் நிற்கும் ஒரு பகலுக்குள் பயணிகளை பஸ்ஸில் ஏற்றி ஊர் காட்டுவார்கள். அன்றைக்கு, கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ஒரு விவசாயி வீட்டில் வாழையிலைச் சாப்பாடு, பிறகு பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறை. அந்த விவசாயிதான் துளசிராமன்.

சின்னராசு காலனிக்காரர். அப்பா காலம்வரை துளசிராமன் வயலில் கூலி வேலை. இவர் இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். போன மாதம் துளசிராமன் தன் வயலோரம் முள்கம்பி வேலி போட்டுவிட்டார். காலனியிலிருந்து கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வரப்பு அதோடு அடைபட்டது. காலையில் வெள்ளைக்காரர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே சின்னராசு வாசலில் நின்று நியாயம் கேட்டிருக்கிறார். ஊரே பார்த்திருக்கிறது.

"பஸ்ஸு எப்ப கெளம்பிச்சு?" என்று நர்மதா குப்பம்மாளைக் கேட்டார்.

"ஒண்ணே முக்காலுக்கு முன்ன. ஒண்ணு நாப்பது இருக்கும்."

"அதுக்கப்புறம் உங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா?"

"பாத்தேன். பின்னாடி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கினு இருந்தாரு. ஒண்ணு அம்பதுக்கு கரண்ட் வந்திச்சி, மோட்டார் போட்டுட்டு வரேன்னு போனாரு."

"பஸ்ஸை வழியனுப்ப வாசலுக்கு வரலையா?"

குப்பம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வரல. அவரு தம்பி பார்த்திபனும் அந்தக் கப்பல்லதான் வந்திருந்தாரு. இருவது வருசமா சிங்கப்பூர். இந்த வயலு ரெண்டு பேரு பேர்லயும் இருக்குது. குடோன் கட்ட ஒருத்தன் கேக்கறான், கையெழுத்துப் போடுன்னு தம்பி கேட்டாரு. இவரு முடியாதுன்னுட்டாரு. அந்தக் கோவத்துல மூஞ்சியே காட்டல. நானும் எலை எடுத்துக்கினு இருந்தேன். யார் யாரு ஏறினாங்கன்னுகூடப் பாக்கல."

நர்மதா குறித்துக்கொண்டார். பிறகு சின்னராசுவிடம் போனார்.

"ஒண்ணு நாப்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"வேலியாண்ட, மேடம். எம் பொண்ணு கிறிஸ்டினா பேசிக்கினு இருந்துச்சு. அந்த பஸ்ஸுக்கு அதுதான் கைடு. 'இவங்க போனதும் பொறுமையா உள்ள போய்க் கேளுப்பா, இப்ப மானத்த வாங்காத'ன்னு சொல்லிச்சு. ஆரன் அடிச்சாங்க. ஓடிப்போய் ஏறிக்கிச்சு. நானு ஊட்டுக்குப் போயி தண்ணி குடிச்சிட்டு ரெண்டேகாலுக்கு வந்தேன். வந்தா ஐயா இப்டி கெடக்கறாரு."

"ஏன் தொட்டீங்க?"

"உசுரு இருக்குதான்னு பாக்க வேணாமா?"

கொலை நடந்தது ஒன்று ஐம்பதுக்கும் இரண்டேகாலுக்கும் நடுவில். பஸ் அதற்குள் பழவேற்காடு பக்கம் திரும்பியிருக்கும். சின்னராசு சொல்வதில் மகளைப் பற்றிய பகுதியை மட்டும்தான் சரிபார்க்க முடியும். அது பொய் என்றால் எல்லாமே பொய். கப்பல் மாலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். கான்ஸ்டபிள் மோனிகாவைச் சின்னராசுவோடு விட்டுவிட்டு நர்மதா ஜீப்பில் ஏறினார்.

பிற்பகல் 3:40. பழவேற்காடு.

முந்நூறு வருடத்துக் கல்லறைகளுக்குச் சுற்றுச்சுவர், பூட்டு, அறிவிப்புப் பலகை எல்லாம் உண்டு. பயணிகள் சட்டையில் வட்ட ஸ்டிக்கரில் நம்பர் ஒட்டிக்கொண்டு கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் நம்பர் ஸ்டிக்கர் பார்த்திபன். செய்தியைக் கேட்டதும் ஒரு கல்லறை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை உண்மையான அழுகைதான். நர்மதாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"கடைசியா அண்ணனை எப்போ பார்த்தீங்க?"

"பஸ் கிளம்பும்போதுதான் மேடம். நான் கடைசி சீட்டு. ஜன்னல் வழியா கை ஆட்டினேன். வாசல்ல நின்னு அவரும் கை ஆட்டினார்."

நர்மதா தலையசைத்தார். அதையும் குறித்துக்கொண்டார்.

மற்ற பயணிகளிடம் விசாரித்தார். கடைசி சீட்டில் அவர் தனியாகத்தான் காலையிலிருந்து வந்தார் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு? இரண்டு பாயசம் குடித்தவர்கள் பின்னால் திரும்பியா பார்த்துக்கொண்டிருப்பார்கள், தூங்கிவிட்டார்கள்.

கிறிஸ்டினாவுக்கு இருபத்து நாலு வயது. அப்பா போலீஸிடம் இருப்பது போனில் தெரிந்திருந்தது. தாள் செருகிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தாள்.

"ஒண்ணு நாப்பதுக்கு எங்க இருந்த?"

"பஸ்ல மேடம். தலை எண்ணிட்டிருந்தேன்."

"நீதான் எண்ணினியா?"

"நான்தான். இருபத்து நாலு. பாருங்க, கையெழுத்து போட்டிருக்கேன்."

தாளில் எல்லாம் இருந்தது. பயணிகள் 24. தண்ணீர் பாட்டில் 24. குளிர்த் துண்டு 24. புறப்பாடு 1:40, தலை 24, கீழே கையெழுத்து. எண்ணிக்கையைக் கைடு தன் கண்ணால்தான் எடுக்க வேண்டும், வேறு ஆள் எடுத்தால் வேலை போய்விடும் என்று தாளின் அடியில் டூர் ஏஜென்சிக்காரன் அச்சடித்தே வைத்திருந்தான்.

"அப்பாகூட அப்போ பேசலையா?"

அவள் தாளையே பார்த்தாள். "இல்ல மேடம்."

நர்மதா தள்ளிப் போய் மோனிகாவுக்குப் போன் செய்தார். மகள் சொன்னதை அப்பாவிடம் சொல்லச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. நர்மதா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பிறகு பஸ்ஸிடம் போனார். டிரைவர் லோகு டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச ஆள் கிடைக்காமல் தவித்தவன்.

"இது டூரிஸ்ட் வண்டி இல்ல போலயே?"

"கம்பெனி ஷிப்ட் வண்டி மேடம். தேர்வாய் கண்டிகை. காலைல ஆறு மணிக்கு லேபரை எறக்கிட்டு, வண்டிய கழுவிக்கினு, கப்பல் சவாரிக்கு வந்தேன். நாலு வருசமா அந்த ரூட்டு. கேட்டுல செக்யூரிட்டி எத்தினி தலைன்னு கேப்பான், நான் சொல்ற நம்பருக்குத்தான் கேண்டீன் டோக்கன் குடுப்பான். ஒரு டோக்கன் கூடல, கொறையல. நானும் அங்கதான் நாஷ்டா துன்றேன்."

"இன்னிக்கு சாப்பாடு?"

"விவசாயி ஊட்லதான் மேடம். கப்பல்காரன் நல்லவன். சனங்க ஏறும்போது ஐஸ் பெட்டிலேருந்து துணி குடுத்தேன், மூஞ்சி தொடைக்க. எனக்குக்கூட ஒண்ணு மீந்திச்சி. நானும் தொடச்சிக்கினேன். சென்ட் வாசன."

நர்மதா அவனையே பார்த்தார். 

பிற்பகல் 4:05.

ஏஜென்சிக்காரன் போனில் கத்திக்கொண்டிருந்தான். ஆறு மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டுமாம். நர்மதா பயணிகளை பஸ்ஸில் ஏறச் சொன்னார். கிறிஸ்டினாவை மட்டும் கீழே நிறுத்தினார்.

"உங்கப்பா முதல்ல என்ன சொன்னார் தெரியுமா? ஒண்ணு நாப்பதுக்கு உன்கூட வேலியாண்ட பேசினதா. நீ இல்லைங்கற. உன் பேச்சை நம்பினா அவர் பொய்யர். பொய் சொன்னவர் கையில ரத்தம். கேஸ் அங்கயே முடிஞ்சிது."

கிறிஸ்டினா தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இல்லைன்னு சொன்னதை இப்பத்தான் அவருக்குச் சொன்னோம். அதுக்கு அவர் சொன்னது இது. 'அப்ப பாப்பா சொல்றதுதான் கரெக்டு மேடம். நானு பேசல. அப்டியே எழுதிக்கோங்க.'" நர்மதா நிறுத்தினார். "கொலைக்கேஸ்ல தப்பிக்கறதுக்கு இருந்த ஒரே பேச்சையும் உனக்காக வாபஸ் வாங்கறார்மா."

கிறிஸ்டினா கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த மாசம் கப்பல்லயே வேலைக்கு எடுக்கறேன்னாங்க மேடம். நான் எண்ணலைன்னு தெரிஞ்சா அவ்ளோதான். அப்பாகூடத்தான் பேசிக்கினு இருந்தேன். நான்தான் அவர உள்ள போய்க் கேளுன்னு அனுப்பினேன். லோகு அண்ணா எண்ணினாரு. இருபத்து நாலுன்னாரு. கையெழுத்து போட்டேன். நம்பர் சரியாத்தானே இருந்திச்சு? அதனால யாருக்கு இன்னா கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"எழுந்திரு. பார்க்கலாம்."

பஸ்ஸுக்குள் ஏறினார்கள். கிறிஸ்டினாவைப் படிக்கட்டிலேயே நிற்கச் சொன்னார் நர்மதா. கடைசி சீட்டுப் பார்த்திபனை மட்டும் கைக்குட்டையும் கையுமாகக் கீழே இறங்கச் சொன்னார். பஸ்ஸில் இப்போது இருபத்து மூன்று பயணிகள்.

"லோகு, மத்தியானம் எண்ணின மாதிரியே எண்ணு. வாய்விட்டு."

லோகு சீட்டில் உட்கார்ந்தபடியே திரும்பினான். ஷிப்ட் வண்டியில் நாலு வருடமாகச் செய்கிற காரியம். யோசிக்கவே இல்லை. முதலில் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

"ஒண்ணு." பிறகு விரலை நீட்டினான். "ரெண்டு, மூணு, நாலு..."

கடைசி வரிசைக்கு வந்து நிறுத்தினான். "இருபத்து நாலு. கரெக்டு மேடம்."

"பஸ்ஸுல எத்தனை பயணி?"

"இருபத்து..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணினான்.  "என்னியும் சேத்து எண்ணிட்டேன். எனக்கும் டோக்கன் வேணுமே, அதான் பழக்கம். அந்தத் துணி..."

"ஆமா. அந்தத் துண்டு உனக்கு மீந்தது இல்ல. ஏறாத ஆளோடது."

பிற்பகல் 4:30.

நர்மதா போனில் சொன்னபடி, கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துச் சாலை முனையில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கு மோனிகா போனாள். அதுவரை அங்கே யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் போனவரை ஆட்டோவில் யார் தேடுவார்கள்? ஜெபா என்கிற டிரைவர் உடனே சொன்னான்: "ரெண்டு பத்துக்கு ஒருத்தரு கல்லற பக்கத்துலேர்ந்து வந்தாரு. பழவேற்காடுன்னாரு. சட்டையில ஏழுன்னு ஒட்டிக்கினு இருந்தாரு. பேன்ட்டு முட்டியாண்ட கிழிஞ்சிருந்துச்சி."

பழவேற்காட்டில் போனில் அதைக் கேட்ட நர்மதா பார்த்திபனின் முழங்காலைப் பார்த்தார். கிழிசலைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு நின்றார் அவர்.

"உங்க அண்ணன் போட்ட முள்கம்பி கிழிச்சது. காலனிக்காரங்க தாண்ட முடியாம நின்ன வேலியை நீங்க தாண்டியிருக்கீங்க. சின்ன வயசுல நடந்த வரப்பு, வழி மறந்திருக்காது. பஸ் ஏறாம வைக்கோல்போர் பின்னால நின்னீங்க. கடைசியா ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்னு. அப்படித்தானே?"

பார்த்திபன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன் வாசல்ல நின்னு கை ஆட்டினார்னு சொன்னீங்க. அவர் வாசலுக்கே வரலை. பஸ்ல இருந்திருந்தா அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"பஸ்ஸை விட்டுட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றார் பார்த்திபன் கடைசியில்.  "இங்க வந்தா என்னை யாருமே தேடலை. எண்ணிக்கை சரியா இருக்குன்னாங்க. கடவுளாப் பார்த்துக் கொடுத்ததுன்னு நினைச்சேன்." பிறகு, "அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை மேடம். முதுகைக் காட்டிட்டே முடியாதுன்னார். ஸ்பேனர் பக்கத்துலயே இருந்தது," என்றார்.

பஸ் இருபத்து மூன்று பயணிகளோடு துறைமுகத்துக்குப் போனது. தலை எண்ண ஏஜென்சியிலிருந்து வேறு ஆள் வந்தான். கிறிஸ்டினாவிடமிருந்து அடையாள அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டான்.

மாலை 6:15.

ஸ்டேஷன் வாசலில் சின்னராசு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். நகக்கண்ணில் இன்னும் ரத்தம் காய்ந்திருந்தது. மகளைப் பார்த்தார். அவள் கழுத்தைப் பார்த்தார். அங்கே அட்டை தொங்கவில்லை.

"வேல போயிடுச்சா?"

கிறிஸ்டினா தலையசைத்தாள். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

 சின்னராசுவுக்குக் கோபமாகக்கூட இருந்தது.

"நானு பேசலன்னு எழுதிக் குடுத்துட்டேனே கண்ணு," என்றார். "நீ ஏன் மாத்தி சொன்ன?"