பதில்வாய்

பல் துலக்கிக்கொண்டே, தூக்கத்தில் யார் யாரோடு சண்டை போட்டிருக்கிறோம் என்று பார்ப்பது அஞ்சுகத்தின் வழக்கம். செவ்வாயில் இருக்கும் நெடுங்குடியில் எல்லோருக்கும் அதே வழக்கம்தான். அன்று கண்ணாடியில் இருபத்தாறு சண்டைகள் ஓடின. இருபத்தைந்தை அவள் பார்க்கவேயில்லை. கடைசி ஒன்றில்தான் அவள் மகளின் மூச்சு மாட்டிக்கொண்டிருந்தது.

சண்டை போடுவது அவளல்ல. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில், அரிசி அளவில் பதிந்திருக்கும் கருவி. அதன் பெயர் பதில்வாய். சொந்தக்காரர் எழுதியது, பேசியது, பாதி எழுதி அழித்தது என்று எல்லாவற்றையும் படித்து அவரைப்போலவே யோசிக்கப் பழகியிருக்கும். பொதுமன்றத்தில் முகம் தெரியாத எவராவது அரசியலையோ அறிவியலையோ தப்பாகச் சொல்லிவிட்டால், சொந்தக்காரரைத் தொந்தரவு செய்யாமல் தானே மோதிப் பார்த்துக்கொள்ளும். முன்பெல்லாம் மனிதர்களே நேரடியாக மோதி, வேலையும் தூக்கமும் இரண்டு கலியாணங்களும் கெட்டுப்போனபின் வந்த ஏற்பாடு இது. வாதாடியவர்கள் நேரில் சந்திப்பது அங்கே அநாகரிகம்.

அஞ்சுகம் வசிக்கும் நான்காம் குடியிருப்புக் கூண்டின் காற்று பாசித் தொட்டியிலிருந்து வருகிறது. விளக்கொளியில் பாசி கரியமில வாயுவைத் தின்று உயிர்வாயுவை விடும். தொட்டியின் உட்பூச்சில் விரிசல் விழுந்து, செவ்வாய் மண்ணின் உப்பு பாசியைக் கொன்றுகொண்டிருந்தது. காற்றுப் பொறியாளரான அஞ்சுகம் அளந்து கண்டது இது. கரியமில வாயு ஒன்றரை சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மூன்றைத் தொட்டால் கூண்டே படுத்துவிடும். அவளுடைய நாலு வயது மகள் நிறைமதி தினமும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

தொட்டியை மூடிப் பழுதுபார்க்க மூன்று நாள் போதும். ஆனால் அதுவரை தொள்ளாயிரம் பேர் பக்கத்துக் கூண்டுக்குப் போக வேண்டும். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும், வாதம் இரு தரப்பும் இணங்கி முடியும்வரை தொட்டியைத் தொடக்கூடாது என்பது குடிச்சட்டம். ஆட்சேபித்தவரின் புனைபெயர் 'செம்மண் குடிமகன்'. வாதம் தொடங்கி முப்பத்துமூன்று நாள் ஆகிறது.

ஆட்சேப மனுவில் வீட்டு எண் இருக்கும். நாகரிகம் கருதி யாரும் அதைப் பார்ப்பதில்லை. அஞ்சுகம் பார்த்தாள். எட்டு வீடு தள்ளி.

கதவைத் திறந்தவர் ஸ்டீபன் ஜெபராஜ். வெளியே போடும் காப்புடைகளைப் பழுதுபார்ப்பவர். போன மாதம் அவள் காலணியை ஒட்டிக் கொடுத்ததே அவர்தான்.

"அண்ணாச்சி, நீங்களா செம்மண் குடிமகன்?"

"அப்போ 'துல்லியம்'ங்கது நீங்களா? அடேயப்பா! மடையன்ங்கதுக்கு இத்தனை வார்த்தை இருக்குன்னு உங்க மூலமாத்தான் தெரிஞ்சுகிட்டேன்."

"நான் சொல்லல, என் பதில்வாய்."

"நாய் குரைச்சா வீட்டுக்காரன் பொறுப்பில்லையா? சரி, உக்காருங்க. இஞ்சி டீ போடுதேன்."

"டீ வேணாம் அண்ணாச்சி. பொண்ணுக்குத் தலைவலி. நீங்க இணக்கத் திருகைப் பூஜ்யத்துல வச்சுக்கிட்டு ஊரையே மூச்சுமுட்ட வைக்கிறீங்க."

பதில்வாயில் தோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஒரே திருகு அது. நூறில் வைத்தால் எதற்கும் தலையாட்டும். பூஜ்யத்தில் வைத்தால், எதிராளி ஒவ்வொரு சொல்லையும் ஒப்புக்கொள்ளும்வரை விடாது. நாற்பதில்தான் விற்பார்கள்.

ஜெபராஜ் காதை மடக்கிக் காட்டினார். நாற்பது.

"வாங்குனதுலருந்து தொட்டதே இல்லம்மா. தொட்டிய மூடலாம்னு ஒம்பதாம் நாளே ஒத்துக்கிட்டாச்சே! உங்காளுதான் மாட்டேங்கு."

அஞ்சுகம் முதன்முறையாகச் சுருக்கத்தை விட்டு முழு வாதத்தையும் திறந்தாள். ஒன்பதாம் நாள் அவர் தரப்பு எழுதியிருந்தது: 'மூடச் சம்மதம். பூச்சு மட்டம். நெடுங்குடித் தலைவர் அதில் கமிஷன் வாங்கியிருக்கிறார்.' அவள் தரப்பின் பதில்: 'முடிவு சரி. காரணம் தவறு. ஏற்பதற்கில்லை.' பதினோரு முறை அவர் இணங்கியிருந்தார். பதினோரு முறையும் அவள் மறுத்திருந்தாள்.

அவள் விரல் காதுக்குப் பின்னால் போனது. பூஜ்யம். உண்மை விஷயத்தில் பேரம் எதற்கு என்று, கருவி வந்த அன்றே அவள் வைத்தது. திருகை நாற்பதுக்குத் திருப்பினாள்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. இப்பவே முடிச்சிருவோம்."

"அதுக்கென்ன, முடிப்போம்." அவர் பொதுமன்றத் திரைப் பலகையைக் கொண்டுவந்தார். நேரில் முடிப்பதென்றால் இருவரின் பெருவிரலும் பதிந்தால் போதும். காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதினார்: 'மட்டமான பூச்சு.' விரலை வைத்தார்.

அஞ்சுகத்தின் விரல் பலகைக்கு மேலே அரை அங்குலத்தில் நின்றது.

"அண்ணாச்சி... இந்தக் காரணத்தை மட்டும் மாத்திரலாமா? பூச்சுல குத்தமில்ல. உப்புதான் அரிச்சிருக்கு."

"நல்ல பூச்சுன்னா உப்பு எப்படிம்மா அரிக்கும்? இருவத்தாறு வருசமா ரப்பர்லயே கெடக்கேன்."

"ரப்பர் வேற, பூச்சு வேற!"

"ஓகோ. தலைவருக்கு முட்டுக் குடுக்கியளோ?"

"நான் எந்தக் கட்சியும் இல்ல."

"எல்லாக் கட்சிக்காரனும் அதத்தான் சொல்லுதான்." அவர் தன் விரல்பதிவை அழித்தார்.

திருகு மாறியதும், இரண்டு பதில்வாய்களும் தங்களுக்குள் ஒரு நொடிக்குள் பேசி முடித்திருந்தன. காரணம் எதுவானாலும் தொட்டியை மூடுவது நல்லது என்ற ஒற்றை வரி பலகையில் மின்னியது. சொந்தக்காரர்களின் விரலுக்காக அது நாலு முறை ஒலித்தது. இருவரும் காதில் வாங்கவில்லை.

வாயால் போடும் சண்டையை நெடுங்குடி பார்த்துப் பல காலமாகிவிட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பிறகு அடுத்த வீடு. "பூச்சுதான்!" என்று ஒருவர் கத்தினார். "பள்ளிக்கூடத்துல உப்பைப் பத்திப் படிக்கலியா?" என்றார் இன்னொருவர். சும்மா இருப்பவரைவிடக் கத்துபவர் கூடுதலாகக் கரியமில வாயு விடுவார் என்பது அங்கே அஞ்சுகத்துக்கு மட்டுமே தெரியும். அவள்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

பலகை ஐந்தாம் முறை ஒலித்து, வாசகத்தை மாற்றிக்கொண்டது: 'பதில்வாய்களின் வாதம் இணக்கமாக முடிந்தது. புதிய ஆட்சேபம்: உரிமையாளர்கள், இருவர்.'

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணிக்கை ஏழானது. பிறகு முப்பத்தொன்று.