நாலு ஃபேனும் உள்நோக்கி

புதுக் கணினியின் வடிகட்டியில் பஞ்சு படிந்திருந்தது.

வெறும் தூசு என்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். இது பஞ்சு. பெட்டியின் முன்பக்க வலையை வெள்ளையாக மூடியிருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தபோது பாலாடை போல முழுசாகக் கழன்று வந்தது. வீட்டில் பஞ்சுத் தலையணைகூடக் கிடையாது. அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாயிற்று. முகர்ந்து பார்த்தாள். ஈரப் பஞ்சும் இயந்திர எண்ணெயும் கலந்த வாடை. ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மாவின் தலைமுடியில் அவள் சின்ன வயதில் முகர்ந்த அதே வாடை.

அம்மா நூற்பாலையில் பஞ்சைச் சுவாசித்தே மகளைப் பட்டதாரியாக்கினவள். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி தராத மில் அது. முதலாளி அறைக் கதவிடுக்கில் மட்டும் தூசு நுழையாமல் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள். கணினிக்குக் காற்றோட்டம் திட்டமிட உட்கார்ந்தபோது அவளுக்கு ஆசை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு தகரப் பெட்டிக்குத் தனித்தனி வடிகட்டி. காற்று எப்படி வர வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று ஆயிரம் யோசனை. மனுஷிக்கு ஒரு மண்ணும் இல்லை.

கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து தருவது அவள் வேலை. ஒரு படம் உருவாகி முடிவதற்குள் கணினி அடுப்பாகிவிடும். வெறும் விசிறியை மட்டும் நம்பினால் இரைச்சலில் அம்மா தூங்க மாட்டாள் என்று தண்ணீரால் குளிர்விக்கும் வகையை வாங்கினாள்: சின்ன பம்ப், இரண்டு குழாய், மேலே ஒரு ரேடியேட்டர். முன்னால் இரண்டு ஃபேன், மேலே ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இருப்பவை இழுக்க வேண்டும், மற்றவை வெளியே தள்ள வேண்டும். ஆனால் வீடே ஒற்றை அறை. மேசைக்கு இருந்த ஒரே இடம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே. தள்ளுகிற சூட்டுக்காற்று சுவரில் மோதி அம்மா முகத்தில்தான் திரும்பி அடிக்கும். இத்தனை வருடம் அடித்தது போதாதா? எல்லா ஃபேனையும் உள்நோக்கித் திருப்பி மாட்டினாள்.

"எல்லாமே இழுத்தா எதும்மா வெளிய விடும்?" என்று ஃபோனில் கேட்டார் பாகங்கள் விற்ற கடைக்காரர்.

"சந்து பொந்து வழியா போயிடும்ணே."

"படிச்ச புள்ள சொல்ற. எதுக்கும் ஒரு ஊதுபத்தி கொளுத்திக் காட்டிப் பாரு. புகை போற வழிதான் காத்து போற வழி."

அவள் பார்க்கவில்லை. அதற்குத் தேவை வரவில்லை. கணினி ஓடத் தொடங்கியதிலிருந்து அம்மாவின் இருமல் குறைந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிப் பழகியவள் கால்நீட்டிப் படுத்தாள். பேச்சில் பழைய குசும்பு திரும்பியது.

"ஃபேனு, தண்ணிக்குழாய்... உன்னப் பெத்தப்பகூட எனக்கு இவ்ளோ ஏற்பாடு இல்லடி."

"சூடானா செத்துடும்மா அது."

"நானுந்தான் வெந்தேன். எந்த மகராசன் வந்து விசிறினான்?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகும் அம்மாவுக்கு இருமல் வரவில்லை. அன்று உரித்த பஞ்சு முந்தைய நாளைவிடத் தடிமனாக இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நல்லது நடக்கிற வீட்டில் யார் கேள்வி கேட்பார்கள்? அம்மாவின் நெஞ்சில் மில் திணித்ததை ஏதோ ஒன்று திருப்பி எடுக்கிறது. எடுக்கட்டும். முழுசாக எடுக்கட்டும்.

பிறகு பஞ்சு மெலிந்தது. ஒரு நாள் வலை வெறுமனே இருந்தது. அம்மா சுத்தமாகிவிட்டாள் என்று அவள் அழுதாள்.

மறுநாள் வலை ஈரமாக இருந்தது. விரலில் இளஞ்சிவப்பாக ஒட்டியது.

வெளியே மழை இருட்டு. அம்மா மத்தியானத்திலிருந்து எழவில்லை. கன்னம் ஒட்டி, உதடு காகிதமாக உலர்ந்து கிடந்தாள். பம்பிலிருந்து ஒரு சத்தம். குழாயில் காற்று சிக்கினால் வரும் களகளப்பு என்று முதலில் நினைத்தாள். இல்லை. சளி. நெஞ்சில் சளி கட்டியவர் தூக்கத்தில் இழுக்கிற சத்தம். அந்தச் சத்தம் அம்மாவிடம் இப்போது இல்லை.

ஊதுபத்தியைக் கொளுத்தி வலையருகே பிடித்தாள். புகை உள்ளே போனது. பின்னால் வரவில்லை. மேலே வரவில்லை. எந்தச் சந்திலும் வரவில்லை. பத்தியைக் கட்டில் பக்கம் நகர்த்தினாள். அம்மாவின் மூக்கருகே புகை கலையவில்லை, சுழலவில்லை. இழுத்துக் கட்டிய நூல் போல, அம்மாவின் உதட்டிலிருந்து நேராக வலைக்குள் ஓடியது.

பொத்தானை அழுத்தி அணைத்தாள்.

ஃபேன்கள் நின்றன. அம்மாவின் நெஞ்சு தாழ்ந்தது. எழவில்லை.

"அம்மா."

எழவில்லை. தோளைக் குலுக்கினாள். தலை ஆடியது. அவ்வளவுதான்.

பொத்தானைத் தேடி அழுத்தினாள். ஃபேன்கள் சுழன்றன. அம்மாவின் நெஞ்சு யாரோ கயிறு கட்டித் தூக்கியது போல மேலே வந்தது.

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். பெட்டி ஓடினால் அம்மாவை உறிஞ்சித் தீர்க்கும். நின்றால் உயிர் இப்போதே போய்விடும். யாரைக் கூப்பிடுவது? என்னவென்று சொல்வது? ஆம்புலன்ஸுக்கு அழைத்தாள். மழை, தாமதமாகும் என்றார்கள்.

தெருவில் இடி விழுந்தது. விளக்கு போயிற்று.

கணினியைப் பேட்டரியில் ஓட்டியபடி மேசையடி யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. ஒரு கத்தல், இடைவெளி. ஒரு கத்தல், இடைவெளி. இடைவெளி சுருங்கியது. பிறகு ஒரே நீளக் கத்தல். பிறகு மழை மட்டும்.

ஃபேன்கள் தளர்ந்தன. அம்மாவின் நெஞ்சும்.

அவள் வலையைப் பிய்த்து எறிந்தாள். வாயை ஃபேனோடு ஒட்டி ஊதினாள். இறக்கைகள் நகர்ந்தன. கட்டிலில் நெஞ்சு கொஞ்சம் எழுந்தது. மூச்செடுக்க நிறுத்தினாள். தாழ்ந்தது. ஊதினாள். எழுந்தது. கண் இருண்டது. ஊதினாள். உள்ளிழுத்த மூச்சில் எண்ணெய் வாடை. ஊதினாள்.

"போதும்டி. விட்டுடு."

அம்மாவின் குரல். களைத்த, ஈரமான குரல்.

மின்னல் வெட்டியது. கட்டிலில் அம்மாவின் வாய் மூடியிருந்தது. குரல் மகளின் உதட்டுக்கு நேர் எதிரே, இறக்கைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"வலிக்குதுடி. விடு."

கட்டிலில் நெஞ்சு தாழ்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து அம்மா கெஞ்சிக்கொண்டே இருந்தாள். மகள் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, மறுபடி ஊதினாள்.