நாற்பத்தொன்பதாவது கதவு

போன் அலறியது!

காலை மணி பத்து இருபது. தீயணைப்பு நிலையத்தில் எடுத்தவர் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள்...

"ஒம்பதாவது மாடி சார்! மாடி பூரா புகை! எதிர்ல நிக்கிற ஆள் தெரியல! சீக்கிரம் வாங்க!"

பேசியது ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர்.

ஏழே நிமிடத்தில் வண்டி வந்தது. முகமூடி மாட்டி, குழாயை இழுத்துக்கொண்டு, மூச்சிரைக்க ஒன்பது மாடி ஏறி...

நின்றார்கள்.

புகையே இல்லை!

புதுச் சுண்ணாம்பு அடித்த நடைபாதை பளபளத்தது. யாரோ உலர்த்தியிருந்த வெள்ளைத் துண்டில் ஒரு பொட்டுக் கரி கிடையாது.

"எவன்யா போன்ல விளையாடினது?"

"இருங்கண்ணே... இந்தக் கதவு சுடுது!"

'சங்கத் தலைவர்' என்று பித்தளை எழுத்துகள். கதவைவிட எழுத்துதான் பெரிது. கதவு அசையவில்லை. அதன் ஓரங்களில் ஏதோ கறுப்பாக உப்பி, நிலையோடு ஒட்டிப் பிடித்திருந்தது.

கடப்பாரை வந்தது. கதவு வந்தது.

உள்ளே அறை முழுக்கக் கரி. ஜன்னல் இல்லாத ஏ.சி. அறை. தீ மூச்சுத் திணறித் தானாகவே அணைந்திருந்தது. பாதி எரிந்த மேஜைக்கடியில் தலைவர்...

பின்மண்டை பிளந்திருந்தது!

பக்கத்தில் ஒரு சுத்தியல். அதன் இரும்பில் உளியால் கொத்திய எழுத்து. 'கீ'.

"கீல்!" என்று அலறினார் பின்னாலேயே மாடியேறி வந்த செயலாளர். "கதவு ரிப்பேர் பாக்குறவன்! அப்ப இருந்த புகைக்குள்ளேருந்து அவன் ஓடினதை என் கண்ணால பாத்தேன் மேடம்!"

மேடம் என்றது இன்ஸ்பெக்டரை. அவர் அப்போதுதான் லிஃப்டிலிருந்து இறங்கியிருந்தார். கூடவே ஏட்டு. வயது ஐம்பத்தாறு, தொந்தி நாற்பத்திரண்டு.

"கீல்னு ஒரு பேரா?" என்றார் ஏட்டு.

"கதவு கதவுன்னே பேசுவான். அதான் அப்படிக் கூப்பிடுவோம்."

மொட்டை மாடியிலிருந்து கீலைப் பிடித்து வந்தார்கள். ஒல்லி. சட்டைப்பை நிறைய திருகாணி. பின்னாலேயே துடைப்பத்தோடு ஓடி வந்தாள் அவன் அக்கா. அதே கட்டடத்தைக் கூட்டுகிறவள். அவளும் அவள் இரண்டு பிள்ளைகளும் கீலும் பன்னிரண்டாவது மாடியில் ஒரே ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

"அம்மா, என் தம்பி கரப்பான்பூச்சியைக் கூட அடிக்க மாட்டாம்மா! ஏன்டா, வாயைத் திறந்து சொல்லேன்டா!"

"சுத்தியல் உன்னுதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னுதுதான் மேடம். நேத்து இந்தக் கதவை மாட்டினேன். உள்ளயே மறந்து வச்சுட்டேன்."

"தலைவர்கிட்ட சண்டை போட்டியாமே?"

"போட்டேன்."

"பத்து இருபதுக்கு எங்க இருந்தே?"

"மொட்டை மாடியில."

"யாராவது பாத்தாங்களா?"

"புறா பாத்துச்சு மேடம்."

"புறாவுக்கு சம்மன் அனுப்ப முடியாதுடா," என்றார் ஏட்டு.

அக்கா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். சுத்தியல், சண்டை, சாட்சி... மூன்றும் பொருந்தின. தூக்குக் கயிறு ஒன்றுதான் பாக்கி!

"எதுக்குச் சண்டை?"

கீல் எரிந்த அறையைப் பார்த்தான்.

"மூணு வருஷத்துக்கு முன்னால தீ தாங்குற கதவு வாங்கறதா முடிவு பண்ணாங்க மேடம். மாதிரிக்கு ஒண்ணு வந்துச்சு. தலைவர் ரிப்பன் வெட்டினாரு."

"கதவுக்கா?"

"கதவுக்குத்தான். மைக்கெல்லாம் வச்சு. வெட்டிட்டு உள்ள நுழைஞ்சு, திரும்பி நின்னு கை கூப்பினாரு. நல்ல கதவு தானா வந்து மூடிக்கும் மேடம், அதுக்குன்னு மேல ஒரு இரும்புக் கை இருக்கும். அது மூடிச்சு... அவர் மூக்கு மேல. போட்டோவே இருக்கு."

ஏட்டு அவசரமாக இருமினார்.

"மறுநாள் ஆர்டர். மரியாதை தெரியாத கதவாம். அதைக் கழட்டி ஸ்டோர் ரூம்ல போடச் சொல்லிட்டாரு. அப்புறம் வந்த நாப்பத்தெட்டுலயும் அந்த இரும்புக் கை இருக்கக் கூடாதுன்னாரு. நான்தான் கழட்டினேன். ஒரு மூட்டை நிறைய இருக்கு."

"நாப்பத்தெட்டும் இதே மாதிரியா?"

கீல் எதிர்க் கதவைத் தட்டினான்.

டொக்.

அடுத்ததை.

டொக்.

கழற்றிச் சாய்த்திருந்த தலைவர் அறைக் கதவைத் தட்டினான்.

தும்!

"கேட்டீங்களா? மத்ததெல்லாம் ஒட்டுப்பலகை. அஞ்சு நிமிஷம் தாங்காது. கம்பெனி பேர் போட்ட தகடும் பெயிண்டும் மட்டும் அசல். இது அன்னைக்கு மாதிரிக்குன்னு வந்த கதவு. நாப்பத்தொன்பதாவது. ஓரத்துல இருக்கிற பட்டை சூடு பட்டா உப்பி இடுக்கை அடைச்சுடும். புகை ஒரு நூல் கூட வெளிய வராது. எல்லாத்தையும் மாத்துங்கன்னு தலைவர்கிட்ட சொன்னேன். அவரு இதை மட்டும் தூசி தட்டி தன் ரூமுக்கு மாட்டச் சொன்னாரு. நாளைக்கு விழாவாம். ஊரைக் கூட்டி, கதவுக்கு நெருப்பு வச்சுக் காட்டப் போறாராம். 'அப்ப மத்த மாடியில இருக்கிற ஜனம்?'னு கேட்டேன். அதான் சண்டை."

இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துண்டைப் பார்த்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

"செயலாளர் சார்... ஒரு நூல் கூட வெளிய வராத புகையில, எதிர்ல நிக்கிற ஆள் தெரியலைன்னீங்களே?"

"அது... வந்து... இவன் கதை விடறான் மேடம்! அது அசல் கதவா இருக்க வாய்ப்பே இல்லை! அத்தனையும் ஒட்டுப்பலகைதான், நானே பாத்து வாங்கி..."

பேச்சு நின்றுவிட்டது.



"சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் கனிவாக. "நீங்களே பாத்து வாங்கி?"

செயலாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நாளா ஊர்ல இல்ல மேடம்... காலையில வந்தா மேஜை மேல அழைப்பிதழ்! கதவைக் கொளுத்திக் காட்டப் போறாராம்! ஒட்டுப்பலகையை! வேணாம்னு கெஞ்சினேன். 'தலைவருக்குப் புத்தி சொல்ல நீ யாருய்யா'ன்னு முதுகைக் காட்டிட்டாரு. சுத்தியல் கைக்குப் பக்கத்துல கிடந்துச்சு. காகிதத்தைக் கொளுத்திட்டு வெளிய வந்துட்டேன். கதவு எரியும், மாடி பூரா புகை வரும், எல்லாம் சாம்பலாகும்னு..."

"கதவை மாத்திட்டேன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உயிரோட இருந்திருப்பாரே!" என்றான் கீல்.

"செயலாளர்கிட்ட எல்லாம் விளக்கம் சொல்றது தலைவர் மரியாதைக்குக் குறைச்சல்ல?" என்றபடி விலங்கை எடுத்தார் ஏட்டு.

"கீழ மாடியில குழந்தைங்க இருந்துச்சு சார்," என்றாள் அக்கா. "மேல என் பிள்ளைங்க இருந்துச்சு."

செயலாளர் விலங்குக்குக் கையை நீட்டினார்.

அன்று மாலையே சங்கம் கூடியது. தலைவருக்கு இரண்டு நிமிட மௌனம். புதுத் தலைவருக்கு இருபது நிமிடக் கைதட்டல். பிறகு தீர்மானங்கள்.

நாற்பத்தெட்டு கதவுகளை மாற்றுவது பற்றி ஆராய ஒரு குழு. குழுவை அமைப்பது பற்றி ஆராய இன்னொரு குழு.

கடைசித் தீர்மானம் மட்டும் உடனே அமலுக்கு வந்தது. பராமரிப்புப் புத்தகத்தில் மாதாமாதம் 'கதவுகள் நல்ல நிலையில்' என்று கையெழுத்துப் போட்ட கீலுக்கு வேலை போயிற்று. போடாவிட்டால் அக்காவுக்கும் அறை போய்விடும் என்று மிரட்டியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கை தூக்கினார்கள். அக்காவின் துடைப்பம் மட்டும் பிழைத்தது. அவளும் பிள்ளைகளும் அதே பன்னிரண்டாவது மாடியில், ஒட்டுப்பலகைகளுக்கு மேலே...

கீல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு வந்தான். நான்கு போலீஸ்காரர்கள் நாற்பத்தொன்பதாவது கதவைச் சுமந்து வந்து இறக்கினார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே நல்ல கதவும் இப்போது வழக்குச் சான்று.

"ரெக்கார்டு ரூம்ல வைங்கப்பா," என்றார் ஏட்டு. "ஊர்ப்பட்ட கேஸ் ஃபைலும் அங்கதான் பத்திரமா இருக்கு. புதுக் கதவு. தீ தாங்கும்!"

பழக்க தோஷம். கீல் அந்த ரெக்கார்டு ரூம் கதவைத் தட்டினான்.

டொக்.

கீலும் ஏட்டும் இன்ஸ்பெக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து கதவின் தகட்டைப் படித்தார். அதே கம்பெனி.



"ஏட்டய்யா..."

"மேடம்?"

"எவிடென்ஸை உள்ள வைக்க வேணாம். ரூம் நிலையிலேயே மாட்டிடுங்க."

"இந்த டொக்கை என்ன பண்றது மேடம்?"

"அந்தச் சங்கத்துக்கே அனுப்பிடுங்க... புதுத் தலைவர் ரிப்பன் வெட்டணும்ல!"