பக்கம் 212, வரி 9

“பட்டியல் முடிந்தது” என்றது பலகைக்கணினி.

ஹைருன்னிசா நாற்காலியிலிருந்து எழுந்தாள். “சார், எம் பேரு வரலை.”

“முடிஞ்சுன்னா முடிஞ்சு தாயி” என்றார் ஊசிமைய அதிகாரி செல்வநாயகம். “ஆறு வருஷமா இதே பாட்டா?”

ஆறு வருடம்தான். காயல்பட்டினத்தில் அவளோடு படித்தவர்கள் எல்லோருக்கும் நூலூசி விழுந்துவிட்டது. புத்தகத்தைக் காய்ச்சி, வடித்து, ஊசியில் ஏற்றினால் பதினோரே நிமிடம். முழுப் புத்தகமும் மூளையில். செயலி எழுதும் ஊசியை வருடாவருடம் புதுப்பித்துக்கொள்பவருக்கே அரசு முத்திரை. முத்திரை இல்லாதவருக்கு வேலை இல்லை. பெயர் அழைக்கப்பட்டவர் ஊசியை மறுத்தால் சிறை. அழைக்கப்படாதவருக்கு என்னவென்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

“பேரை மாத்துங்களேன். ஹசனெல்லாம் அசன் ஆயாச்சு, ஹமீதெல்லாம் அமீது. கைருன்னிசான்னு வச்சா ‘க’வுல டாண்ணு வந்து நிக்கும்” என்றார் செல்வநாயகம்.

அகரவரிசையின் கடைசி எழுத்துக்கு ராசியில்லை என்று ஊரே நம்பியது.

“நான் மாத்திக்கிட்டா எனக்கு முந்தி இருக்கிற ஸைனபு கடைசியாயிடுவா. அப்ப அவளைக் கூப்பிடாது.”

“அம்புட்டு தெரிஞ்சா நீங்களே ஒரு செயலி எழுதிக் கொண்டாங்க. போட்டுப் பாப்போம்!”

அப்போதுதான் அவள் கவனித்தாள். அவருடைய மேசைக்குக் கால் ஒன்று குட்டை. முட்டுக் கொடுத்திருந்தது ஒரு தடித்த புத்தகம். செயலி ஊசிக்காகக் காய்ச்சி முடித்த அதே மூலப்புத்தகம்.

“அதையாவது தாங்க சார்.”

“படிக்கவா? பதினோரு நிமிஷத்துல ஏறுறதை உக்காந்து படிப்பாங்களா!” தலையில் அடித்துக்கொண்டு உருவிக் கொடுத்தார். “ஆனா ஊசி விழுந்தா, படிச்சது பூரா அழிஞ்சிரும், ஆமா. எம் பொஞ்சாதி சமையல் ஊசி போட்டா. அவ ஆத்தா சொல்லிக்குடுத்த சாளைமீன் கொழம்பு அன்னைக்கே மறந்துபோச்சு. இப்ப புஸ்தகத்துல உள்ளபடிதான் வைக்கா. வாயில வைக்க முடியலை.”

ஹைருன் படித்தாள். கைப்பேசித் திரையில் ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லை வரவழைக்கவே பதினோரு நாள் ஆனது. ஐந்தாவது மாதம், பட்டியலிலிருந்து பெயர்களை அழைக்கும் பாடம். வீட்டார் ஐந்து பேரின் பெயரை ஏற்றி, புத்தகம் சொன்னபடியே எழுதி, இயக்கினாள்.

நான்கு பெயரை அழைத்தது. கடைசியிலிருந்த அவள் பெயரை அழைக்கவில்லை.

புத்தகத்தின் விதி இதுதான்: எண், மொத்தத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை அழை. ஹைருன் விரல் விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்து எப்படி ஐந்தைவிடக் குறையும்?

பின்னட்டையைப் புரட்டினாள். ஒட்டாமல் செருகியிருந்த துண்டுத்தாள் மடியில் விழுந்தது.

‘பிழைதிருத்தம். பக்கம் 212, வரி 9: “குறைவாக” என்பதைக் “குறைவாகவோ சமமாகவோ” எனத் திருத்தி வாசிக்கவும்.’

புத்தகத்தைக் காய்ச்சியவர்கள் துண்டுத்தாளைக் காய்ச்சவில்லை. ஆஸ்பத்திரிச் செயலி, ரேஷன் செயலி, புயல் மீட்புச் செயலி, எல்லாமே இந்தப் பக்கத்தில் பிறந்தவை. ஒவ்வொரு பட்டியலின் வாலிலும் யாரோ ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார்.

மறு வருடம் தன் செயலியோடு போனாள். செல்வநாயகம் வாக்குத் தவறாதவர். சிரித்துக்கொண்டே பலகைக்கணினியில் ஏற்றினார். பெயர்கள் ஓடின. ஸைனபு போய் ஊசி போட்டு வந்தாள். பிறகு...

“ஹைருன்னிசா.”

“அட, பேரு வந்துட்டே!” அவரே அவளைக் கைபிடிக்காத குறையாக ஊசி நாற்காலியில் உட்கார வைத்தார். ஏழு வருடம் காத்திருந்த நாற்காலி. அவளுக்குக் கண் நிறைந்தது.

“சார், தப்பு எங்கேன்னு பாருங்க.” துண்டுத்தாளை நீட்டினாள்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். “இதுல என்னம்மா தப்பு? குறைவாகன்னுதானே இருக்கணும்? அச்சடிச்சவன் தூக்கத்துல அடிச்சிருக்கான்.”

“அஞ்சு பேரு இருந்தா?”

“அஞ்சையும் கூப்பிடும்.”

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் போலச் செயலி ஊசி போட்ட கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இன்னும் பதினோரு நிமிடத்தில் அவள் கண்ணுக்கும் தெரியாது. சாளைக்கொழம்பு ஞாபகம் வந்தது.

நாற்காலியின் இயந்திர ஊசிக்கை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“சார், நிப்பாட்டுங்க! என் செயலியிலதான் ஒரு பிழை. திருத்திட்டு மறுபடி ஓட்டிக் காட்டுறேன்.”

பலகைக்கணினியை வாங்கினாள். ஒரு வருடம் உழைத்துச் சேர்த்த சமக்குறி, இரண்டே சின்னக் கோடு. அழித்தாள்.

எட்டிப் பார்த்த செல்வநாயகம் தலையாட்டினார். “இப்பதான் சரி. புஸ்தகத்துல உள்ளபடி இருக்கு.”

பெயர்கள் முதலிலிருந்து ஓடின. ஸைனபு. அப்புறம், “பட்டியல் முடிந்தது.”

“அடடா!” அவருக்கு நிஜமாகவே வருத்தம். “ஒங்க பேரு இல்லையேம்மா. அடுத்த வருஷம் பாப்போம். அந்தப் புஸ்தகத்தை வச்சிட்டுப் போங்க, ஒரு வருஷமா மேசை ஆடுது.”

“இதுல இன்னும் பாடம் பாக்கி இருக்கு சார்.”

ஹைருன் குனிந்தாள். தன் ஏழு வருட ஊசி விண்ணப்பக் கட்டை நான்காக மடித்து, குட்டைக்காலின் அடியில் செருகி, மேசையை அழுத்திப் பார்த்தாள்.

ஆடவில்லை.