மோத்தா வீட்டு நடை

மோத்தா வீட்டுப் படகின் நடை இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட வேறொரு படகில் ஏறியதில்லை.

என்ஜின்கள் தாமாகக் கற்கத் தொடங்கிய பிறகு புதுத்துறைக் கடற்கரையில் ஸ்பேனர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. படகின் பின்னால் தொங்கும் ஒவ்வொரு என்ஜினோடும் ஓர் இசைவி இருந்தது. அலை எழும்பினால் அது என்ஜினை இரண்டு விரற்கடை இறக்கும். மீன்பாரம் கூடினால் விசிறி இதழ்களின் சாய்வைக் குறைக்கும். விசிறி நுரை கட்டி, தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே சுழலப் போவதை முன்பே உணர்ந்து திருத்தும். ஓட்டுகிறவரின் கையைப் பார்த்துப் பார்த்து இசைவி சேர்த்துவைக்கும் இந்தப் பழக்கத்துக்குத்தான் நடை என்று பெயர். அதை ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் அனுப்பிவிடலாம். யாரும் அனுப்புவதில்லை. வேறு வீட்டு நடையை வாங்கியவன் திருவிழா ஊர்வலத்தில் அந்த வீட்டுப் படகுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

கஸ்பார் மோத்தாவின் படகுதான் எப்போதும் முதலில் வந்தது. அதனால் மகள் ரெஜினாவைக் கொரேரா வீட்டு அமலனுக்குக் கொடுத்தபோதும், அவர் நகையைக் கொடுத்தார், நடையைக் கொடுக்கவில்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு ரெஜினா கையில் ரேடியோவோடு அவர் முற்றத்துக்குள் வந்தாள்.

"அப்பா, அவுக தொடையில கொப்பரன் மூக்கு ஏறிட்டு. ரத்தம் நிக்கல."

கொப்பரன் மீனின் ஈட்டி மூக்கு பலகையையே துளைக்கும். கஸ்பார் எழுந்து நின்றார். "எங்க நிக்காங்க?"

"தெக்குப் பாறைப் பார்ல. கரைக்கு ஒன்றரை மணி நேரம்னு அவுக தம்பி ரொசாரி சொல்லுதான். மீட்புப் படகு போய்த் திரும்ப அதுக்கும் மேல. டாக்டர் ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வரச் சொல்லுதாரு."

"கொரேரா வீட்டுல நடை இல்லையோ?"

"இருக்கு. உங்க நடை மாதிரி இல்ல. அதை என் வாயால சொல்ல வைக்கத்தானே கேட்டீக? சொல்லிட்டேன்."

மோத்தா நடை ஏறினால் அந்தப் படகு ஐம்பத்தைந்து நிமிடத்தில் கரை தொடும். கஸ்பாருக்கு அது தெரியும். கொரேரா வீட்டார் நாளைக்கு அதைத் திறந்து, இதழின் சாய்வையும் என்ஜினின் உயரத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துவிடுவார்கள் என்பதும் தெரியும். அவர் நான்கு நிமிடம் முற்றத்திலேயே நின்றார். பிறகு தன் படகுக்கு நடந்துபோய் நடையை அனுப்பினார். பூட்டி அனுப்பினார். பூட்டிய நடையை யாரும் திறந்து படிக்க முடியாது; ஓட்டுகிறவன் தன் கையால் மாற்றவோ நீக்கவோ முடியாது. படகு கரை சேர்ந்த பின் அவர் பெருவிரலை வைத்தால்தான் திறக்கும்.

ரேடியோவில் மருமகனின் தம்பி ரொசாரியின் குரல் கேட்டது. "மாமா, பறக்கு. தண்ணியிலே படவே இல்ல. அண்ணன் சிரிக்கான். மோத்தா வீட்டு வாலைப் பிடிச்சுட்டு ஊர்வலம் போகணுமேங்கான்."

"வாயை மூடிட்டுக் காயத்தை அழுத்தச் சொல்லு," என்றார் கஸ்பார். ரெஜினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முப்பதாவது நிமிடத்தில் ரொசாரி மீண்டும் பேசினான். இப்போது அவன் குரலோடு என்ஜின் சத்தம் இல்லை.

"மாமா, என்ஜின் அணைஞ்சிட்டு."

"எண்ணெய் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. பழுதுன்னு ஒண்ணும் காட்டல. தானா வேகத்தைக் குறைச்சுது, தானா நின்னுட்டு. கயிறு இழுத்தாலும் கேக்க மாட்டேங்குது."

கஸ்பார் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் மகன் எட்வின் வலைக்கயிற்றில் கால் சிக்கி இப்போது படகு நின்றிருக்கும் அந்த இடத்தில்தான் கடலுக்குள் போனான். உடல் கிடைக்கவில்லை. சொந்தக்காரன் போன இடத்தைக் கடக்கும்போது என்ஜினை அணைத்து ஜெபமாலை சொல்வது அந்தக் கரையின் வழக்கம். முதல் ஆண்டு முழுவதும் கஸ்பார் தன் கையால் அணைத்தார். அதன் பிறகு படகே அங்கே நின்றது. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிகிற பதினாறு நிமிடம் கழித்துத் தானே கிளம்பியது. அது அவருக்கு மூச்சு விடுவதைப் போலாகிவிட்டது. அதையும் சேர்த்துத்தான் அனுப்புகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கை செய்த எல்லாமே இசைவிக்கு நடைதான்.

"மாமா, பூட்டை எடுங்க. மாமா."

"கரைக்கு வந்தாத்தாம்லே எடுக்க முடியும்," என்றார் அவர்.

படகு பதினாறு நிமிடம் மிதந்தது. பிறகு மிக அழகாகக் கிளம்பி, கொரேரா வீட்டுப் படகு எதுவும் என்றும் வராத வேகத்தில் கரைக்கு வந்தது. அமலன் இறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கஸ்பார் மகளிடம் போனார். அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"நான் குடுத்தேன்லா, மக்கா," என்றார்.

"குடுத்தீக, அப்பா. பூட்டிக் குடுத்தீக."

அங்கிருந்து அவர் நேரே இசைவி பழுதுபார்க்கும் தங்கஜெயாவிடம் போனார். அந்த நிறுத்தத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

"பிரிக்க முடியாது ஐயா. எடுத்தா மொத்தமும் போயிரும். இருபத்திரண்டு வருசம்."

"எடு."

"உங்க படகு கடைசியா வரும்."

"எடும்மா."

மறுநாள் காலை அவர் தனியாகக் கடலுக்குப் போனார். படகு நடை பழகாத கன்றைப் போல அலையில் முட்டியது. விசிறி அடிக்கடி நுரையைக் கடைந்தது. மற்ற படகுகள் அவரைத் தாண்டிப் போயின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்குக் காட்டிய மரியாதை.

தெற்கே கொஞ்ச தூரம் போனதும் என்ஜினை அணைத்து ஜெபமாலையை எடுத்தார். மூன்றாவது மணியில் விரல் நின்றது. எட்வின் போன இடம் இதுதானா? எட்டு ஆண்டுகளில் அவர் அதைக் குறித்து வைத்ததே இல்லை. படகுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டார். சுற்றிலும் ஒரே தண்ணீர்.

கிளம்பிச் சிறிது கிழக்கே போய் அணைத்தார். அங்கும் மனம் ஒப்பவில்லை. இன்னும் சிறிது தெற்கே போய் அணைத்தார். மதியம் வரை அப்படித்தான் போனது.

புதிதாகத் தொடங்கிய இசைவி ஒவ்வொரு நிறுத்தத்தையும் கவனமாகக் கற்றுக்கொண்டது.